நெருக்கடியில் உடல்: கரிசல் காட்டு நிலவரம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசலில் பருத்தி எடுக்கும்போது செடிக்கடியில் கண்ணாடிவிரியன் சீறினால், அது பாம்பு என்று மனம் தெளியுமுன் கால் பின்வாங்கிவிடும். மூளையின் அமிக்டலா அபாயச் செய்தியை ஹைப்போதலாமஸுக்குக் கடத்த, பரிவு நரம்புகள் வழியாகச் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிக்குக் கட்டளை போகிறது. அட்ரினலின் இரத்தத்தில் கலந்ததும் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், கண்மணி விரியும். கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை அவிழ்த்துவிடும். குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்பும். எச்சில் வற்றி நாக்கு ஒட்டிக்கொள்ளும். காயம் பட்டால் இழப்பு குறையட்டும் என்று இரத்தம்கூட எளிதில் உறையும் நிலைக்கு வந்துவிடும்.

போராடவோ ஓடவோ உடல் செய்யும் ஆயத்தம் இது என்று அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பாம்பு போய்விட்டால் சிறிது நேரத்தில் எல்லாம் தணிந்துவிடும்.

ஆபத்து கண்ணெதிரே இருந்தாக வேண்டும் என்பதில்லை. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், அதாவது பின்னாளைய ரமண மகரிஷி, 1896 ஜூலையில் மதுரையில் சித்தப்பா வீட்டில் தனித்திருந்தபோது, நோய் எதுவும் இல்லாமலே திடீரென்று மரண பயம் தன்னைப் பற்றியதாகச் சொல்லியிருக்கிறார். அதன் ஆன்மிகப் பொருள் தனி. உடலியலைப் பொறுத்தவரை, அச்சத்தை எழுப்ப நினைப்பு ஒன்றே போதும்.

மானாவாரிச் சம்சாரியை வதைப்பதும் இதுதான். புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு வானம் பார்த்திருப்பவருக்கு எதிரி கண்ணில் படுவதில்லை. விதைக்கும் உரத்துக்கும் வைத்த நகை அடகில் கிடக்கிறது, முளைத்த பயிர் வாடுகிறது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டில் ஓடித் தப்பவும் வழியில்லை, எதிர்த்து நிற்கவும் ஆளில்லை. நிமிடங்களுக்கென்று அமைந்த ஆயத்தம் மாதக்கணக்கில் நீள்கிறது.

இந்தக் கட்டத்தில் ஆதிக்கம் செலுத்துவது கார்ட்டிசால் என்ற ஹார்மோன். ஹைப்போதலாமஸ் தூண்ட, பிட்யூட்டரி ஏவ, அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதி இதைச் சுரக்கிறது. குறுகிய காலத்துக்கு இது உதவிதான்: சர்க்கரையைக் கிடைக்கச் செய்யும், அழற்சியை அடக்கும், அளவு போதுமானதும் மூளையே சுரப்பை நிறுத்தும். தூண்டல் ஓயாதபோது இந்தத் தணிப்பு பிசகுகிறது. இரத்த அழுத்தம் ஏறி நிற்கும், வயிற்றில் கொழுப்பு சேரும், இன்சுலின் மந்தமாகும், தூக்கம் கெடும். ஆய்வாளர் ஹான்ஸ் சீலி 1936-ல் எலிகளைக் குளிர், காயம், நஞ்சு எனப் பலவகை இன்னல்களுக்கு ஆளாக்கியபோது அட்ரினல் பெருத்து, தைமஸ் சுருங்கி, இரைப்பையில் புண் விழுந்ததைக் கண்டார். மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்தவர்களுக்குத் தோலில் செய்த சிறு காயம் ஆற, மற்றவர்களைவிட ஏறக்குறைய 9 நாள் கூடுதலாகப் பிடித்தது என்று 1995-ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தனர். 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவின்படி, கையில் காசு இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே மனிதர்களின் சிந்தனைத் திறன் குறைந்திருந்தது. அந்த ஆய்வுக்காக எடுத்த அளவுகளில் இரத்த அழுத்தமும் அப்போதுதான் கூடுதல். பாசனம் உள்ள கரும்புக்காரருக்கே இப்படியென்றால், மழையை மட்டும் நம்பிய கரிசல்காரரின் உடலைத் தனியாக அளந்து பார்ப்பது மிக அவசியம்.

இப்படி நெருக்கடி நீளும் நாட்களில் நெஞ்சு கரித்தால் வாயு என்று நினைத்துச் சோடா குடித்துவிட்டு மறுபடி காட்டுக்குப் போகும் வழக்கம் ஆபத்தானது. மாரடைப்பும் அப்படித்தான் தொடங்கக்கூடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மானாவாரி ஊர்களில் புரட்டாசி முதல் தை வரை, அடகும் கடனும் நெருக்கும் மாதங்களில், இரத்த அழுத்தத்தை அடிக்கடி அளந்தால் அந்தத் திட்டம் இன்னும் பலரை உரிய நேரத்தில் எட்டும்.