இரவைப் பகலாக்கிய இயந்திரம்

வெள்ளித்திரையில் நிலவு காய்கிறது; ஆற்றங்கரையில் நாயகி பாடுகிறாள். அந்த ஒளி பெரும்பாலும் நிலவினுடையதன்று. சற்றுத் தொலைவில், லாரியொன்றின்மேல் உறுமிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர் ஈந்த ஒளி அது. திரைப்படத் தொழில் எங்கே வேரூன்றியது என்று ஆராய்ந்தால், மின்சாரத்துக்கும் அதில் பங்குண்டு என்பது புலனாகும். நம்மிற் பலர் வாழும் ஹைதராபாத்தின் கதையும், நம் காரைக்குடியின் கதையும் இதனை விளக்கும்.

1922-இல் திரேந்திரநாத் கங்கூலி ஹைதராபாத்தில் லோட்டஸ் பிலிம் கம்பெனியை நிறுவினார். அந்நாளில் நம் நாட்டுப் படப்பிடிப்பு கதிரவனையே பெரிதும் நம்பியிருந்தது. மௌனப் படங்களில் இரவுக் காட்சியைப் பகலிலேயே எடுத்து, படச்சுருளுக்கு நீலச்சாயம் ஏற்றி இரவென்று காட்டும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. 'ரஸியா பேகம்' என்னும் படத்தைத் திரையிட்டு நிஜாமின் சினத்துக்கு ஆளான கங்கூலி, 1924-இல் அந்நகரை விட்டு நீங்கினார். பின்னர்ப் பல்லாண்டுகள் தெலுங்குப் படங்களுக்கும் சென்னையே தாயகமாயிற்று.

பேசும்படம் வந்தபின் விளக்கின்றி வேலை நடவாது என்றாயிற்று. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் சென்னையில் மின் இணைப்புப் பெறுவது அரிதாயிருந்தது. ஆகவே ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ அமைத்தார். 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே உருவானதே. 1948-இல் அந்த ஸ்டூடியோ கோடம்பாக்கம் சேர்ந்தது.

ஸ்டூடியோவுக்கு வெளியே இரவில் படம்பிடிப்பது இன்னும் கடினம். அக்கால வண்ணப் பிலிமுக்கு ஒளியுணர்வு குறைவு. வெள்ளமென ஒளி வேண்டும். அதனைத் தந்தவை கார்பன் ஆர்க் விளக்குகள். இரு கரிக்கோல்களுக்கிடையே மின்சாரம் பாய்ந்து சுடர்விடும். கோல் தேயத் தேய விளக்குத் தொழிலாளர் அருகிருந்து கவனிக்க வேண்டும். 'புரூட்' என்னும் பெரிய விளக்கு ஒன்றே 225 ஆம்பியர் மின்சாரத்தை விழுங்கும். 120 வோல்ட்டில் அது 27 கிலோவாட். அதாவது 100 வாட் பல்புகள் 270 எரிவதற்கு ஈடு. மேலும், அதற்கு வேண்டியது நேர்மின்சாரம். ஊர்க்கம்பியில் வருவதோ மாறுமின்சாரம். எனவே டீசல் எஞ்சினோடு பிணைத்த ஜெனரேட்டரை லாரியிலேற்றிக் கொண்டு செல்வது தவிர்க்கவொண்ணாததாயிற்று.

அதிலும் ஓர் இக்கட்டு. ஜெனரேட்டர் அருகில் நின்றால் அதன் ஓசை வசனத்தைக் கெடுக்கும். தொலைவில் நின்றாலோ நீண்ட கேபிளில் மின்னழுத்தம் குறைந்து ஒளி மங்கும். இவ்விரண்டுக்கும் நடுவே ஏற்ற இடம் கண்டறிவதே அவ்வியந்திரத்தை இயக்குபவரின் திறமை.

1956-இல் ஹைதராபாத்தில் சாரதி ஸ்டூடியோ எழுந்தது. முழுவதும் அந்நகரிலேயே தயாரான முதல் தெலுங்குப் படமெனப் பேர்பெற்ற 'மா இன்டி மகாலட்சுமி' 1959-இல் வெளிவந்தது. 1976-இல் அன்னபூர்ணா ஸ்டூடியோவும், 1996-இல் ராமோஜி திரைப்பட நகரமும் தோன்றின. சென்னையிலிருந்து தெலுங்குத் திரையுலகம் படிப்படியாக இடம்பெயர்ந்தபோது கலைஞரோடு தொழிலாளரும் உடன் வந்தனர்.

இன்று ஆர்க் விளக்குகள் மறைந்தன. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தரும் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. ஆயினும் ஊருக்கு வெளியே இரவுக் காட்சி எடுப்பவர் ஜெனரேட்டர் வண்டியை இன்றும் உடன் கொண்டு செல்கின்றனர். எஞ்சின் நின்றால் நாயகனும் இருளில், நாயகியும் இருளில். பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு, முகங்காட்டாத உழைப்பின் அருமை தெரியாததன்று. அடுத்த முறை திரையில் நிலவைக் காணும்போது, எட்டாத் தொலைவில் விழித்திருந்த அந்த மனிதரையும் ஒருகணம் நினைப்போமாக.