மேசைக்கணினியா, லேப்டாப்பா?

நேற்று என் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். மகள் கல்லூரியில் சேர்கிறாள்; நகையை அடகு வைத்துக் கணினி வாங்கப் போகிறாராம். "எது சார் வாங்கலாம்?" என்றார். கொஞ்சம் வரலாறு சொன்னேன்.

1981-இல் வந்த ஆஸ்பார்ன் 1, தூக்கிச் செல்லும் கணினி என்றே பெயர் பெற்றது. எடையோ சுமார் 11 கிலோ. திரை 5 அங்குலம். உள்ளே பேட்டரி கிடையாது.

2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. கடும் மின்வெட்டுக் காலம் அது. கரண்ட் போனாலும் பிள்ளைகள் பேட்டரியில் படித்தார்கள்.

அதே விலைக்கு மேசைக்கணினியில் வேகம் கூடுதல். பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்கு அதுவே போதும். இவளோ விடுதியில் தங்கப் போகிறவள்.

"லேப்டாப்பே வாங்கிக் கொடுப்பா" என்றேன்.