கடல்வழி போனதே குற்றம்: திருகோணமலையும் விசாப் படிவமும்

எந்த நாட்டிலாவது நீங்கள் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டதுண்டா என்று கேட்காத விசாப் படிவம் அரிது. கொலையும் கொள்ளையும் செய்தவர் எவர் என்று அறிய ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. அதில் யாருக்கும் வழக்கில்லை. ஆனால் திருகோணமலைக் கரையில் இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று எழுத வேண்டியவர்களில் ஒரு வகையினர் எவரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. அவர்கள் செய்தது, படகேறி நாட்டைவிட்டுப் போனது மட்டுமே. போகக் கூடாத வழியில் போனதற்காக ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டு, பிறகு முறையான வழியில் போக விசாக் கேட்டு வரும்போது அதே குற்றத்தைக் காட்டிக் கதவை மூடுவது எப்படி வந்தது? இந்தக் குற்றத்தை வகுத்த சட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால், இத்தகைய தீர்ப்பு ஒருவருடைய நடத்தைக்குச் சான்றாகாது என்பது விளங்கும்.

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்கு இது புதிய கதையல்ல. புயலில் பாய்மரம் முறிந்து அங்கே ஒதுங்கிய 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் மாலுமிகள் சிலரை 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவரான ரொபர்ட் நொக்ஸ், நாட்டைவிட்டுப் போக அனுமதியின்றி 19 ஆண்டுகள் இருந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியோடினார். ஈராண்டு கழித்து லண்டனில் புத்தகம் வெளியிட்டுப் பெயர் பெற்றார். அரசனின் உத்தரவை மீறி வெளியேறியவர் என்று யாரும் அவரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கவில்லை. அனுமதியின்றிப் போனது பழியா, துணிவா என்பதைப் போன இடம் தீர்மானிக்கும் வழக்கம் அன்றே இருந்தது.

இன்றைய குற்றம் பிறந்தது சுதந்திரத்துடன். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிய பிரசாவுரிமைச் சட்டத்துடன் கூடப் பிறந்த சட்டம் இது. இதன் கண் முதலில் இருந்தது வருகிறவர்கள் மேல்தான். 1952இல் தென்னிந்தியாவிலிருந்து வரும் தோணிகளைத் தடுக்க இராணுவமும் கடற்படையும் சேர்ந்து 'ஒபரேஷன் மொன்டி' தொடங்கின. 1963இல் அது தனிச் செயலணியாக விரிந்து 1981 வரை நீடித்தது. திருகோணமலைத் தளத்தை 1957இல் பிரித்தானியர் கையளித்தபின், கீழைக் கரையின் காவலும் உள்நாட்டுக் கடற்படை வசமானது. அங்கீகரிக்கப்பட்ட துறைமுகத்தின் வழியே, அதிகாரியின் முன்னிலையில், உரிய கடவுச்சீட்டுடன் மட்டுமே எவரும் நாட்டைவிட்டுச் செல்லலாம் என்ற விதி அப்போது பெரும்பாலும் ஏட்டளவில் கிடந்தது.

அந்த ஏடு உயிர்பெற்றது போருக்குப் பின்னால். 1983க்குப் பின்னும், 2006இல் திருகோணமலை நகரிலும் மூதூர், சம்பூர்ப் பக்கத்திலும் நடந்த வன்முறையின் பின்னும், மாவட்டத்துக் குடும்பங்கள் மன்னார் வழியாக இராமேஸ்வரத்துக்குப் படகேறின. துறைமுகக் கவுண்டரில் முத்திரை குத்திக்கொண்டு எவரும் ஷெல்வீச்சிலிருந்து ஓடுவதில்லை. போர் முடிந்தபின் திசை மாறியது: 2012இல் மட்டும் இலங்கையிலிருந்து 6,000க்கும் மேற்பட்டோர் படகில் அவுஸ்திரேலியா சேர்ந்தனர். 2014இல் நடுக்கடலில் பிடித்த 41 பேரை அவுஸ்திரேலியா இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. அவர்கள் நேரே காலி நீதவான் முன் நிறுத்தப்பட்டார்கள். 2022இல் எரிபொருளும் அரிசியும் எட்டாத விலைக்குப் போனபோது, கிழக்குக் கடலில் மறிக்கப்பட்ட மீன்பிடிப் படகுகள் திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டு, ஏறியிருந்தவர்கள் துறைமுகப் பொலிஸிடம் கையளிக்கப்பட்டனர். உள்ளே வருகிறவரைத் தடுக்க எழுந்த சட்டம் வெளியே போகிறவரைப் பிடிக்கும் வலையாயிற்று.

வழக்கின் முடிவு எப்படி இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். சட்டத்தின் 45ஆம் பிரிவு ஒன்றுமுதல் ஐந்து ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 200,000 ரூபா வரை அபராதமும் சொல்கிறது. நடைமுறையில், பயணியாக மட்டும் இருந்தவர் பெரும்பாலும் அபராதத்துடன் போகிறார். வெளிநாட்டிலிருந்து திருப்பியனுப்பப்பட்டு விமான நிலையத்தில் இறக்கப்பட்டவரின் வழக்கு நீர்கொழும்பு நீதவான் மன்றில். ஒவ்வொரு தவணைக்கும் திருகோணமலையிலிருந்து ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழந்து, நாட்டின் மறுகரைக்குப் போய் வர வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் தொல்லை விட்டது என்று தோன்றுவது இயல்பு. தொல்லை அதோடு விடுவதில்லை. பிறகு ஒரு நாள் மகளின் திருமணத்துக்கோ வேலைக்கோ போக எண்ணிப் பொலிஸ் நற்சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒப்புதல் எழுந்து நிற்கிறது. நீதவான் அபராதத்தோடு சிறையும் விதித்து அதை ஒத்திவைத்தால் நிலைமை இன்னும் மோசம். அவுஸ்திரேலியச் சட்டத்தில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டவர் 'கணிசமான குற்றப் பதிவு' உள்ளவர். அதை அவர் உள்ளிருந்து அனுபவித்தாரா என்பது கணக்கில்லை. நமது சட்டத்தின் கீழெல்லையும் அவர்களின் தடைக்கோடும் ஒரே புள்ளியில் முட்டுகின்றன. கனடாவின் அளவுகோல் வேறு: வெளிநாட்டில் தண்டிக்கப்பட்ட செயல் கனடாவிலும் குற்றமாக இருக்கிறதா என்று அது பார்க்கிறது. செயலின் தன்மையைப் பார்ப்பது, முத்திரையைப் பார்ப்பதைவிட நேர்மையான வழி.

ஆட்கடத்தலைத் தடுக்கச் சட்டம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், பழுதான படகில் நூறு பேரை ஏற்றிப் பணம் பறிப்பவன் தண்டிக்கப்பட வேண்டியவனே. அதற்கென்றே 2006இல் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. அந்தப் பிரிவு இருக்கும்போது, காசு கொடுத்து ஏமாந்தவரையும் காசு வாங்கியவரையும் ஒரே வெளியேறல் குற்றத்தில் நிறுத்துவது வேறுபாட்டை மறைக்கிறது. சட்டத்தை மீறினார் என்றால் மீறினார்தானே என்பது அடுத்த எதிர்வாதம். இதற்கு விடை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: 1980இல் இலங்கை ஏற்ற குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை, தன் நாடு உட்பட எந்த நாட்டையும் விட்டுச் செல்ல ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையோ நாட்டுக்குத் திரும்பி வரும் சுதந்திரத்தைச் சொல்கிறது. போகும் சுதந்திரத்தைச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்தக் குற்றம் வளர்ந்தது. உரிமைக்கு ஒழுங்கு விதிக்கலாம், எல்லைச் சோதனையும் தேவைதான். ஆனால் ஒழுங்கு மீறலுக்கு நிர்வாக அபராதம் போதுமானது, வாழ்நாள் குற்றப் பெயர் தேவையில்லை.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: அப்படியானால் படிவத்தில் 'இல்லை' என்று எழுதினால் போயிற்றே. பல ஏஜென்சிகளின் ஆலோசனையும் இதுதான். இதைவிடக் கெட்ட ஆலோசனை இல்லை. பொய் அகப்பட்டால் கனடா ஐந்தாண்டும் பிரித்தானியா பத்தாண்டு வரையும் கதவை அடைக்கின்றன. படகுப் பயணத்துக்காகப் பெற்ற அபராதம் ஒருவரின் நாணயத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. படிவத்தில் எழுதிய பொய் சொல்கிறது. எனவே உண்மையை எழுதி, எந்தப் பிரிவு, எந்தத் திகதி, என்ன அபராதம் என்று காட்டும் வழக்கேட்டின் பிரதியை இணைப்பதே தற்போது கைவசமுள்ள வழி. ஆனால் சுமை முழுவதையும் விண்ணப்பதாரர் தலையில் வைப்பது நியாயமில்லை. குற்றச்சாட்டு நிரூபணமானாலும் தீர்ப்பிடாமல் விடுவிக்க நீதவானுக்குக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு இடம் தருகிறது. வெறும் பயணிகள் விடயத்தில் அதைத் தடையின்றிப் பயன்படுத்த வகைசெய்து, 45ஆம் பிரிவின் கட்டாய ஓராண்டையும் பாராளுமன்றம் எடுத்துவிட்டால் போதும். ஆட்கடத்தல்காரர் ஒருவரும் அதனால் தப்பப்போவதில்லை.