பூச்சாடியும் ரங்கையாவும்

பத்துபஸ்தியில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில், முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போன படம் ஒன்று தொங்குகிறது. ஹாலந்து ஓவியம் ஒன்றின் அச்சுப்படம். கண்ணாடிச் சாடி நிறைய ட்யூலிப், ரோஜா; கீழே உதிர்ந்த இதழ் ஒன்று. அந்தமான் ஈரத்தில் ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது.

போன ஞாயிறு மகள் கேட்டாள்: "அப்பா, இந்தப் பூவெல்லாம் ஒரே நாளில் பூக்குமா?"

பூக்காதுங்க. அதுதான் விஷயமே! ட்யூலிப் வசந்தத்தில் பூக்கும், ரோஜா கோடையில். அந்த ஓவியர்கள் பூ வரும்வரை காத்திருந்தோ, முன்பே வரைந்து வைத்ததைப் பார்த்தோ, எல்லாவற்றையும் ஒரே சாடியில் சேர்த்தார்கள். மஞ்சள் ரோஜா கிடைக்காமல் படம் நிற்கிறது என்று யான் வான் ஹைசம் 1742-ல் கடிதமே எழுதியிருக்கிறார். உதிர்ந்த இதழும் சும்மா இல்லை. இந்த அழகும் ஒருநாள் போய்விடும் என்று சொல்கிறது.

இதைச் சொல்லும்போதே நம் பக்கத்து ஓவியர்கள் இருவர் நினைவுக்கு வந்தார்கள். ரங்கையா, கோவிந்து. மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகள் வெளியிட்டார். 2,000-க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் ஏராளமானவை இந்த இருவரும் வரைந்தவை.

இங்கே சாடி கிடையாது, மேசை கிடையாது. வெறும் வெள்ளைத்தாள். அதில் ஒரு கிளை, மொட்டு, விரிந்த பூ, பிளந்து காட்டிய சூல்பை, காய். செடி பல வாரங்களில் காட்டுவதை ஒரே தாளில் காட்டிவிடுகிறார்கள். நாம் அரும்பு, முகை, மலர், வீ என்று பருவத்துக்கு ஒரு பெயர் வைத்தோமே, அதைத் தூரிகையால் செய்திருக்கிறார்கள்.

கம்பெனிக்காரர்களுக்கு வரைந்த இந்திய ஓவியர்கள் எத்தனையோ பேர் பெயரில்லாமல் போனார்கள். வைட் படத்தின் கீழே ஓவியர் பெயரை அச்சிட்டார். 1853-ல் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். பிறகு அந்தச் செடி ட்ரோபிடியா என்ற பேரினத்தில் சேர்ந்துவிட்டதால் அந்தப் பெயர் வழக்கில் இல்லை. மூல ஓவியங்கள் பல இன்று எடின்பரோவிலும் கியூவிலும் பத்திரமாக இருக்கின்றன. வரைந்தவர்கள் போகாத ஊருக்கு அவர்கள் பூக்கள் போய்விட்டன.

சாயங்காலம் மகள் வாசல் செம்பருத்தியை வரைந்தாள். மொட்டு, பூ, வாடி விழுந்தது, மூன்றும் ஒரே தாளில். நன்றாகவே இருந்தது.

கீழே உன் பெயரை எழுதும்மா என்றேன்.