அவள் பெயருக்கு வந்த பணம்

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் இன்னும் பல ஊர்ச் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வருவார்கள். சாமிகள் ஊர் திரும்பியபின் அது பழையபடி மீனவர் ஊர்: வலை, படகு, ஊர்ப் பஞ்சாயத்து. சோழமண்டலக் கரை நெடுகிலும் இந்தப் பஞ்சாயத்துகள் வழக்கைத் தெண்டம் போட்டு முடிக்கும். வலையை அறுத்தவன் கட்டுவான்; கை நீட்டியவன் கட்டுவான். அந்தப் பணம் கோயிலுக்கும் ஊர்ப் பொதுவுக்கும் போகும். கடலில் மூளும் சண்டையைக் கோர்ட்டுக்கு இழுக்காமல் கரையிலேயே தீர்த்துவைக்கும் இந்த முறையை நான் மதிக்கிறேன்.

ஒரு பெண்ணின் உடம்பின்மீது நடந்த வன்முறையையும் அதே தெண்டத்தால் அளக்கும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது. கரையோரம் என்றில்லை, எந்த ஊர்ப் பஞ்சாயத்து அப்படி அளந்தாலும் நடப்பது ஒன்றுதான். பணம் அப்பன் கைக்குப் போகும். 'வெளியே சொல்லாதே' என்ற பேச்சு மட்டும் அவளிடம் வரும். சில இடங்களில் செய்தவனுக்கே கட்டிவைப்பார்கள். அந்தத் தெண்டம் வாயை அடைக்க வந்த பணம். அவளிடம் மன்னிப்பையோ மௌனத்தையோ கேட்காத பணம் ஒன்று நம் சட்டத்துக்குள் வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. அதன் வழியைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

அது ஒரு ரயிலில் தொடங்குகிறது. 1993இல் முரி எக்ஸ்பிரஸில் டெல்லிக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டுவேலைப் பெண்கள் ராணுவத்தினரால் சீரழிக்கப்பட்டார்கள். அவர்களுக்காக டெல்லி வீட்டுவேலைப் பெண்கள் அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. எதிரிக்குத் தண்டனை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர ஒரு வாரியம் வேண்டும் என்று 1994இல் நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு போதிசத்வ கௌதம் வழக்கில், விசாரணை முடியும்வரை அந்தப் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும்படி குற்றம் சாட்டப்பட்டவருக்கே உத்தரவிட்டது. அதன்பின் நீண்ட உறக்கம். 2009 டிசம்பர் 31ஆம் தேதிதான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் அவள் இழப்பீடு கேட்கலாம் என்று அந்தப் பிரிவு சொன்னது. டெல்லிப் பேருந்துக் கொடுமைக்குப் பிறகு, 2013 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியை அறிவித்தார்.

இடையில் ஒரு தப்பான வழியும் திறந்தது. அதுவும் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே. கடலூர் மகளிர் நீதிமன்றம் தண்டித்த ஒருவருக்கு, 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஜாமீன் கொடுத்து, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரச மையத்தில் பேசித் தீர்க்க வழிவிட்டார். உனக்குப் பேச விருப்பமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. பேசப் போவதில்லை என்று அவளே வெளிப்படையாக மறுத்தாள். வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலியல் வன்கொடுமையில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று ஜூலை 1ஆம் தேதி அடித்துச் சொன்னது. பத்து நாளில் சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் மேரி காஸ் நடத்திய 'ரிஸ்டோர்' திட்டமும் நியூசிலாந்தின் 'புராஜெக்ட் ரிஸ்டோர்' அமைப்பும் அதைச் செய்து பார்த்தவை. அங்கே அவள் சம்மதிக்காமல் எதுவும் நகராது. செய்தவன் முதலில் பொறுப்பேற்க வேண்டும். சந்திப்புக்கு முன் இரு தரப்பையும் தனித்தனியே தயார் செய்வார்கள். கடலூர் வழக்கில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஊர் மரத்தடிக்குப் பதில் சமரச மையம், அவ்வளவுதான்.

பணத்துக்கு வருவோம். நிபுண் சக்சேனா வழக்கையொட்டித் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் வகுத்த திட்டம் 2018 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதற்கும் பொருந்தியது. வன்புணர்ச்சிக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் வரை, கூட்டு வன்புணர்ச்சிக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை. முதல் தகவல் அறிக்கை பதிவானதும் இடைக்கால உதவி கேட்கலாம்; தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டாம். முக்கால் பங்கு அவள் பெயரில் குறைந்தது மூன்று ஆண்டு வைப்பில் இருக்கும். கால் பங்கை உடனே எடுக்கலாம். கோபக்கார அண்ணனோ கடன்பட்ட அப்பனோ கைவைக்க முடியாத கணக்கு. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். மனு போடக் கட்டணம் இல்லை. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பதினெட்டு வயதுக்குள் இருப்பவள் என்றால், தெரிந்தும் போலீசில் சொல்லாமல் மறைப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். தெண்டம் போட்டு மூடும் ஊர்ப் பெரியவர்களுக்கும் அது பொருந்தும்.

இப்படியொரு பணத்துக்காக மிக நீண்ட காலம் காத்திருந்தவர்கள் தருமபுரி மாவட்டம் வாச்சாத்திப் பெண்கள். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனமரம் தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறையினரும் போலீசாரும் அங்கே 18 பெண்களைச் சிதைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணைக்கிடையே இறந்துபோக, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தீர்ப்பானது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன், தீர்ப்பெழுதும் முன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போனார். அந்த மக்கள் நீதிமன்றம் ஏறிய வழியை, நீதிமன்றம் ஒருமுறை எதிர்த்திசையில் நடந்து போனது. அதே ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி தண்டனைகளை உறுதி செய்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டார். அதில் 5 லட்சத்தை வன்கொடுமை செய்தவர்களிடமிருந்தே வசூலிக்க வேண்டும், பெண்களுக்கோ அவர்கள் குடும்பத்தாருக்கோ அரசு வேலையோ சுயதொழிலோ அமைத்துத் தர வேண்டும் என்றும் சொன்னார். அதற்குள் மூன்று பெண்கள் இறந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் பங்கு குடும்பத்தாருக்கு.