எழுத்தெண்ணிய முறை

தமிழெழுத்து எத்தனை என்று பள்ளிச் சிறுவனை வினவினால் 247 என்பான். தொல்காப்பியரோ முப்பது என்றார். சார்ந்து வருவன மூன்றையுஞ் சேர்ப்பின் 33 ஆகும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், முதலெழுத்து 30, சார்பெழுத்து 369 என வகுத்தார். மொழி ஒன்று, விடை மூன்று. கூட்டலில் எவரும் பிழைத்தாரல்லர். எவற்றைத் தனித்தனித் தொகுதியாகக் கொள்வது என்பதிலேயே வேற்றுமை.

ஒரு பொருள் இரு தொகுதியிலும் வாராதாயின் அவற்றின் எண்களைக் கூட்டலாம். ஒன்றிலிருந்து ஒன்றும் மற்றதிலிருந்து ஒன்றும் எடுத்து இணைப்பதாயின் பெருக்கவேண்டும். இவை கணித நூலார் கூறும் அடிப்படை விதிகள். உயிர் 12, மெய் 18, ஒன்று மற்றொன்றாகாது, ஆதலின் கூட்ட 30. ஒவ்வொரு மெய்யும் பன்னீருயிரோடும் புணர, 18ஐ 12ஆற் பெருக்க, உயிர்மெய் 216. ஆய்தம் ஒன்று. சிறுவனின் 247 இவ்வாறு வந்தது.

தொல்காப்பியர் உயிர்மெய்யை அறியாதவரல்லர். அதன் இரு கூறுகளும் முப்பதினுள் அடங்கினமையின் வேறு எண்ணாது விட்டார் எனல் பொருந்தும். பவணந்தியார் அதனையுஞ் சார்பெழுத்தின் ஒருவகையாக்கினார். அவர் கொண்ட வகை பத்து: உயிர்மெய் 216, முற்றாய்தம் 8, உயிரளபெடை 21, ஒற்றளபெடை 42, குற்றியலுகரம் 36, குற்றியலிகரம் 37, ஐகாரக்குறுக்கம் 3, ஔகாரக்குறுக்கம் 1, மகரக்குறுக்கம் 3, ஆய்தக்குறுக்கம் 2. கூட்டிப் பார்ப்பார்க்கு 369 தவறாது வரும்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். 'காசு' என்பதன் ஈற்றுச் சுகரம் 216இல் முன்னரே எண்ணப்பட்டதன்றோ? மீண்டும் 36இல் எண்ணின் ஒன்றை இருமுறை எண்ணிய குற்றம் நேராதோ? வரிவடிவை எண்ணுவார்க்கு நேரும். ஒலியை எண்ணுவார்க்கு நேராது. 'பசு' என்பதன் உகரம் ஒரு மாத்திரை. 'காசு' என்பதன் உகரம் அரை மாத்திரை. அளவு வேறாகவே தொகுதியும் வேறாயிற்று. குற்றியலுகரத்தைத் தனியே எண்ணியது இவ்வரை மாத்திரையைப் பற்றியே நிற்கின்றது.

அந்த 36உம் கூட்டலால் வந்ததே. உகரமேறிய வல்லெழுத்துக்கு முன் நிற்கும் எழுத்தை நோக்கி, நெடில் 7, ஆய்தம் 1, ஔகாரம் நீங்கிய உயிர் 11, வல்லினம் 6, மெல்லினம் 6, வகரம் நீங்கிய இடையினம் 5 என உரையாசிரியர் காட்டுவர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் (1822–1879) நன்னூலுக்குக் காண்டிகையுரை வகுத்தார்.

குற்றியலிகரம் மட்டும் 37 ஆனது எங்ஙனம்? யகரம் வர அம் முப்பத்தாறு உகரமும் இகரமாகத் திரியும். 'கேண்மியா' என்புழி மகரத்தின்மேல் நிற்கும் இகரம் உகரத்திற் பிறந்ததன்று. அதனைத் தனியே கூட்டினார்.