வீட்டு வாடகை ஒப்பந்தம் (தமிழ்நாடு)

வீட்டு வாடகை ஒப்பந்தம் என்பது ஒரு வீட்டைக் குறிப்பிட்ட காலத்திற்கு, குறிப்பிட்ட வாடகைக்குப் பயன்படுத்தும் உரிமையை அதன் உரிமையாளர் வாடகைதாரருக்கு அளிக்கும் உடன்படிக்கை ஆகும். தமிழ்நாட்டில் உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017ஆம் ஆண்டில் ஒரு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இது 2019 பெப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பணம், பழுதுபார்ப்பு, வெளியேற்றம் ஆகிய சிக்கல்கள் அனைத்திலும் எழுத்து மூல ஒப்பந்தத்தையே இச்சட்டம் அடிப்படையாகக் கொள்கிறது.

பின்னணி

இதற்கு முன்னர் 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் நடைமுறையில் இருந்தது. அதன்படி "நியாய வாடகை"யை நிர்ணயிக்கும்படி இரு தரப்பினரும் கோர முடிந்தது. வாடகை சந்தை நிலவரத்தைவிட மிகக் குறைவாக இருப்பதாகவும், வெளியேற்ற வழக்குகள் பல ஆண்டுகள் நீடிப்பதாகவும் உரிமையாளர்கள் குறை கூறினர். திடீரென வெளியேற்றப்படுவதிலிருந்து அச்சட்டம் வாடகைதாரருக்குப் பாதுகாப்பு அளித்தது. புதிய சட்டத்தில் இரு தரப்பினரும் ஒப்புக்கொண்ட தொகையே வாடகையாகும்.

ஒப்பந்தமும் பதிவும்

ஒப்பந்தம் எழுத்து மூலமாக இருத்தல் கட்டாயம். அதனை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து, பதிவு எண் பெற வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் இப்பொறுப்பில் அமர்த்தப்படுகிறார்.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இதனைத் தவிர்க்கவே 11 மாத ஒப்பந்தம் எழுதும் வழக்கம் பரவியது. ஆனால் 11 மாத ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டியதே. ஒப்பந்தம் செய்துகொள்ளாமை வெளியேற்றத்திற்கான காரணங்களுள் ஒன்றாகவும் உள்ளது.

முன்பணம்

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. புதிய சட்டம் இதனை மூன்று மாத வாடகையாக வரையறுக்கிறது. எனினும் "ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி" என்னும் விதிவிலக்கும் அதிலேயே உள்ளது. எனவே கூடுதல் தொகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் வாடகைதாரருக்கு இவ்வரம்பு பயன்படாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள், உரிய கழிவுகள் போக எஞ்சிய முன்பணத்தைத் திருப்பித்தர வேண்டும்.

பழுதுபார்ப்பு

ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாதவிடத்து, பொறுப்புகள் பின்வருமாறு பிரிக்கப்படுகின்றன.

* உரிமையாளர்: கட்டடக் கட்டமைப்புப் பழுதுகள், சுவர்களுக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல்.
* வாடகைதாரர்: குழாய் வாசர் மாற்றுதல், கழிவுநீர்ப் போக்கின் அடைப்பு நீக்குதல், மின் சுவிட்சு, பூட்டு, சன்னல் கண்ணாடி போன்றவற்றைச் சீர்செய்தல்.

வாடகைக் காலத்தில்

உரிமையாளர் வீட்டினுள் வர 24 மணி நேரத்திற்கு முன் அறிவிக்க வேண்டும். காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரையிலேயே வரலாம். வாடகை நிலுவையில் இருந்தாலும் குடிநீர், மின்சாரம் ஆகியவற்றைத் துண்டித்தல் கூடாது. அவ்வாறு துண்டித்தால் வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

வெளியேற்றம்

உரிமையாளர் தாமாகவே வாடகைதாரரை வெளியேற்ற இயலாது. வாடகை நீதிமன்றத்தின் ஆணை தேவை. இரண்டு மாத வாடகை நிலுவை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துதல் ஆகியன முக்கிய காரணங்களாகும். அறிவிப்புப் பெற்ற ஒரு மாதத்திற்குள் நிலுவையைச் செலுத்துபவர் வெளியேற்றத்திலிருந்து தப்பலாம். மேல்முறையீட்டை வாடகைத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது.

வருமான வரி

வாடகை வருமானத்திற்கு உரிமையாளர் வருமான வரி செலுத்த வேண்டும். அவர் செலுத்திய சொத்து வரியைக் கழித்தபின் எஞ்சும் தொகையில் 30 விழுக்காடு, உண்மைச் செலவைக் கருதாமல் கழிக்கப்படும். வீட்டுக் கடனுக்கான வட்டிக்கும் கழிவு உண்டு. ஆகவே வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்குவோர், பழுதுச் செலவு 30 விழுக்காட்டை மிஞ்சினாலும் கூடுதல் கழிவு கிடைக்காது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* குத்தகை
* ஒத்தி
* சொத்து வரி